பழைய நிலத்தில் புதிய கதை

ஒரு கதை வெற்றி பெற்றால் அதன் இரண்டாம் பாகத்தை மக்கள் எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால், அதே நிலத்தில் மீண்டும் கதை நடந்தால் சுவை குன்றாதோ? இந்த ஐயத்திற்கு விடையாக அமைந்தது, ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோவின் ‘செல்டா’ வீடியோ விளையாட்டு.

2017-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ என்னும் ஆட்டத்தில், லிங்க் என்னும் வீரன் ஹைரூல் நாடெங்கும் தன் விருப்பம்போல் அலைந்தான். அதன் தொடர்ச்சி வரும் என 2019-இல் அறிவிக்கப்பட்டது. தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமாவின் குழுவினர் புது நாட்டைத் தேடினாரல்லர். பழைய ஹைரூலின் மேலே வான்தீவுகளையும், கீழே இருண்ட பாதாளத்தையும் படைத்தனர். பலகை, சக்கரம் முதலியவற்றை ஒட்டி வண்டியும் ஓடமும் செய்யும் ஆற்றலை வீரனுக்கு அளித்தனர்.

ஆடுவோர் எதை எதனோடு ஒட்டுவர் என்று முன்கூட்டியே யாரால் சொல்ல இயலும்? எப்படி ஒட்டினும் பொருள்கள் இயல்பாக இயங்குதல் வேண்டும். ஆகவே, பணி பெரும்பாலும் முடிந்த பின்னரும், 2022-இல் வரவேண்டிய ஆட்டத்தை ஒத்திவைத்துச் செப்பனிட்டனர். 2023 மே 12-ஆம் நாள் ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ என்னும் பெயரில் அது வெளிவந்தது. மூன்றே நாளில் ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விற்றன.

தொடர்கதைக்குப் புது நிலம் தேவையன்று. பழைய நிலமே புதிதாய்த் தோன்றுமாறு செய்தால் போதும் என்பது இதனால் விளங்கும்.