வீட்டிற் குருதிச் சீனி அளத்தல்: லுணுகலைப் பூனையொன்றை முன்னிட்டுச் சில குறிப்புகள்

பூனையொன்றின் நோயைப் பற்றிய கட்டுரை தமிழ்ச் சங்க ஆய்விதழில் இடம்பெறுவது வாசகர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இலக்கியத்தைச் சமுதாய உறவுகளின் பின்னணியில் வைத்து நோக்கும் நாம், அவ்வுறவுகள் நாவலிலும் கவிதையிலும் மட்டுமன்றி அன்றாட வாழ்வின் மிகச் சிறிய காரியங்களிலும் தொழிற்படுகின்றன என்பதை ஏற்றுக்கொண்டவர்கள். ஒரு துளிக் குருதியை அளப்பதும் அத்தகைய காரியங்களுள் ஒன்று. அளவை எவ்வாறு நிகழ்கிறது, அதன் பயன் யாது, அது எவர் கையில் இருக்கிறது என்னும் மூன்று வினாக்களையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதே இக்குறிப்பின் நோக்கமாகும்.

1

லுணுகலையிலுள்ள எமது பெற்றோர் இல்லத்தில் பத்து வயதுக் கடுவன் பூனையொன்று உண்டு. நலமடிக்கப்பட்டது, வீட்டை விட்டு அதிகம் வெளியேறாதது, உடல் பருத்தது. அது திடீரெனத் தண்ணீர்ச் சட்டியை விட்டு அகலாதாயிற்று. முன்னிலும் மிகுதியாக உண்டபோதும் மெலிந்தது. பின்னங்கால்களின் விரல்களால் நடவாது குதிகால் நிலத்திற் பட நடந்தது. முற்றத்து மணலில் அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்ததை முதலிற் கண்டவர் எமது தாயார். தாமே பல்லாண்டு காலமாகச் சீனி வருத்தம் உள்ளவராதலின் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எறும்பு மொய்க்கும் சிறுநீரைச் சுசுருதர் காலத்து மருத்துவரே குறித்துள்ளனர். 'மதுமேகம்' என்னும் பெயர் அச்சிறுநீரின் இனிமையையும், 'நீரிழிவு' என்னும் பெயர் உடல் நீரை இழப்பதையும் சுட்டுகின்றன. நோயின் இரு முகங்களையும் நம் மொழி முன்னரே அறிந்திருந்தது எனலாம்.

நோயின் இயல்பு பின்வருமாறு. சதையி சுரக்கும் இன்சுலின் என்னும் ஓமோன், குருதியிலுள்ள குளுக்கோசைத் தசையும் கொழுப்பிழையமும் உள்ளெடுக்கத் துணைபுரிகிறது. அது குறையுமிடத்து, அல்லது உடல் அதற்கு இணங்காதவிடத்து, குளுக்கோசு குருதியிலேயே தேங்குகிறது. பூனையில் அவ்வளவு ஒரு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 250 முதல் 290 மில்லிகிராமைக் கடக்கும்போது சிறுநீரகத்தால் அதனை முழுதாக மீட்க இயலாமற் போகிறது. சீனி சிறுநீரில் வழிகிறது. தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது. தாகமும் மெலிவும் இதன் விளைவுகளே. பூனையின் நீரிழிவு பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. உடற்பருமன், அசைவற்ற வாழ்வு, முதுமை, ஆண்பாலாதல் ஆகியன அதன் வாய்ப்பைக் கூட்டுகின்றன. பூனை இயல்பில் ஊனுண்ணி. சோறும் குழம்பும் அதற்கு நாம் பழக்கிய உணவு. புரதம் மிகுந்த, மாப்பொருள் குறைந்த உணவையே மருத்துவர் இந்நோயில் விதிப்பர்.

2

வீட்டில் அளப்பதன் தேவையை எமக்கு உணர்த்தியது பேருந்துப் பயணம். பூனையைக் கூடையில் வைத்து, பசறை வழியாகப் பதுளைக்கு வளைந்து செல்லும் வீதியிற் கொண்டுசென்றோம். வழி முழுதும் அது கத்திற்று. மருத்துவ நிலையத்து மேசையில் நாயொன்றின் குரைப்புக்கிடையே எடுத்த அளவு 380. மறுநாள் அதே வேளையில், வீட்டில் எடுத்த அளவு 190.

இரண்டும் பொய்யல்ல. அச்சமுற்ற பூனையின் உடலிற் சுரக்கும் அதிரினலின் முதலிய ஓமோன்கள் ஈரலிலுள்ள சேமிப்பைக் குளுக்கோசாக மாற்றிக் குருதியில் இறக்குகின்றன. நோயற்ற பூனையிற்கூட இவ்வாறு அளவு 300ஐக் கடப்பதுண்டு. எனவே மருத்துவ நிலையத்திற் பெறும் எண், நோயை அளக்கிறதா பயத்தை அளக்கிறதா என்று பிரித்தறிய இயலாதது. கள ஆய்வில் ஈடுபட்ட எவருக்கும் இது புதிதன்று. தோட்டத்துரை அருகில் நிற்கத் தொழிலாளியிடம் கேட்கப்படும் வினாவுக்குக் கிடைக்கும் விடையும் இத்தகையதே. அளக்கும் சூழல் அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது.

இச்சிக்கலுக்கு விடை தந்தவர்களுள் சுவிற்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக விலங்கு மருத்துவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். பூனையின் காது விளிம்பிலிருந்து துளிக் குருதி பெற்றுக் கையடக்கக் கருவியால் அளக்கலாம் என்பதையும், அதனை வளர்ப்போரே வீட்டிற் செய்யலாம் என்பதையும் 2000 ஆம் ஆண்டை அடுத்த ஆண்டுகளில் அவர்கள் ஆய்ந்து வெளியிட்டனர்.

முறை எளியது. வெந்நீரிற் தோய்த்துப் பிழிந்த துணியைக் காதின் விளிம்பிற் சிறிது நேரம் வைத்துச் சூடாக்குதல் வேண்டும், குருதியோட்டம் பெருகும். காதின் பின்புறம் பஞ்சை அணைத்துப் பிடித்து, விளிம்புக்கும் அதனையொட்டி ஓடும் சிறு நாளத்துக்கும் இடையே புதிய ஊசியாற் குத்துதல் வேண்டும். எழும் துளிக்குச் சோதனைப் பட்டியின் நுனியைக் காட்டினால் அது தானே உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் பஞ்சினால் அழுத்திப் பிடித்து, பூனைக்கு விருப்பமான மீன் துண்டொன்றைக் கொடுத்தல் வேண்டும். இந்த இறுதிப்படியை அற்பமெனக் கொள்ளலாகாது. அடுத்த முறை பூனை மடிக்கு வருவது இதிலேயே தங்கியுள்ளது.

பட்டியிலுள்ள நொதியம் குளுக்கோசைத் தாக்கும்போது விடுபடும் இலத்திரன்கள் நுண்ணிய மின்னோட்டமாகின்றன. கருவி அவ்வோட்டத்தை அளந்து எண்ணாக மாற்றுகிறது. இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மனிதக் குருதியிற் செங்கலங்களுக்குள்ளும் கணிசமான குளுக்கோசு இருக்கிறது. பூனையிலோ பெரும்பகுதி நீர்ப்பகுதியிலேயே இருக்கிறது. எனவே மனிதருக்கென அமைந்த கருவி பூனையிற் பொதுவாக உண்மையளவினும் குறைத்தே காட்டும். பூனைக்கென அளவுதிருத்தப்பட்ட கருவிகள் உண்டு. அவை கிடையாவிடின், ஒரே கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தி, அதன் சாய்வை மருத்துவருக்கு அறிவித்து வழிநடத்தல் தகும்.

3

தனியோர் எண் எதனையும் கூறாது. எண்களின் தொடர்ச்சியே பேசும். இன்சுலின் ஏற்றுமுன் தொடங்கி, இரண்டு மணிக்கு ஒரு முறை, அடுத்த ஊசி வரை அளந்து வரையும் கோட்டை மருத்துவர் 'வளைகோடு' என்பர். எமது குறிப்பேட்டில் ஒரு நாளின் பதிவு இது: காலை 6 மணிக்கு 318, 8 மணிக்கு 262, 10 மணிக்கு 171, நண்பகலில் 112, பிற்பகல் 2 மணிக்கு 134, 4 மணிக்கு 205, மாலை 6 மணிக்கு 296.

இதில் முதன்மையானது மிகத் தாழ்ந்த புள்ளி. அது 80க்கும் 150க்கும் இடையில் அமைவது விரும்பத்தக்கது. 112 என்பது போதுமான மருந்து கிடைக்கிறது என்பதற்குச் சான்று. இதே பூனையை நண்பகலிற் பதுளைக்குக் கொண்டுசென்றிருந்தால், பயத்தினால் உயர்ந்த எண்ணைக் கண்டு மருந்தைக் கூட்டும்படி கூறியிருக்கக்கூடும். கூட்டியிருந்தால், வீடு திரும்பி அமைதியடைந்த பூனையின் அளவு 60க்குக் கீழ் இறங்கியிருக்கக்கூடும். அந்நிலையில் அது தள்ளாடும், வலிப்புறும், உடனே கவனிக்காவிடின் இறக்கும். மிகுந்த சீனி மாதக்கணக்கிற் கொல்வது. குறைந்த சீனி மணிக்கணக்கிற் கொல்வது. தாழ்நிலையின் குறி தோன்றின் உடனே உணவு கொடுத்தல் வேண்டும். உண்ண இயலாவிடின் தேனையோ சீனிப்பாகையோ ஈறிற் தடவி, தாமதியாது மருத்துவரை நாடுதல் வேண்டும். ஐயமுள்ளபோது இன்சுலினை ஏற்றாது விடுவதே பாதுகாப்பானது.

இன்னுமொன்று: இன்சுலின் ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு கொண்டதாகவும் 40 அலகு கொண்டதாகவும் வருகிறது. குப்பிக்குரிய ஊசிக்குழாயையே பயன்படுத்தல் வேண்டும். மாறினால் இரண்டரை மடங்கு பிழை நேரும். மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு; வளைகோட்டை அவரிடம் சேர்ப்பது நம் பொறுப்பு. இவ்வாறு ஒழுங்காகக் கட்டுப்படுத்தப்பட்ட பூனைகளுட் சில, சில மாதங்களில் இன்சுலின் தேவையற்ற நிலையை அடைகின்றன. அந்நிலை அணுகுவதை உரிய காலத்திற் காட்டுவதும் வீட்டு அளவையே.

4

இக்கருவி மனிதர் வீட்டுக்கே எளிதில் வந்ததன்று. 1889 இல் மெரிங், மின்கோவ்ஸ்கி ஆகியோர் நாயொன்றின் சதையியை அகற்றியபோது அது நீரிழிவுற்றது. நோயின் இருப்பிடம் புலனாயிற்று. 1921 இல் ரொறன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் இன்சுலினைப் பிரித்தெடுத்ததும் நாய்களிற் செய்த பரிசோதனைகள் வழியேயாகும். இன்று பூனைக்கு நாம் ஏற்றும் மருந்து விலங்குகளுக்குத் திரும்பிச் செல்லும் பழைய கடன் என்று கொள்ளத்தகும். 1923 இல் அதன் காப்புரிமை, உரியோர் ஒவ்வொருவருக்கும் ஒரு டொலர் என்ற பெயரளவு விலைக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கையளிக்கப்பட்டது. ஆயின் இன்று உலக இன்சுலின் சந்தையின் பெரும்பகுதி மூன்று பன்னாட்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது.

அளவையின் வரலாறும் இத்தகையதே. குருதிச் சீனியை அளக்கும் முதற் கையாள்கருவி 1970 அளவில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, அது மருத்துவருக்கு மட்டுமே விற்கப்பட்டது. இளமை முதலே நீரிழிவுற்றிருந்த பொறியியலாளர் றிச்சர்ட் பேர்ன்ஸ்ரைன், மருத்துவரான தம் மனைவியின் பெயரிலேயே அதனைப் பெற வேண்டியிருந்தது. தம் உடலைத் தாமே அளந்து அவர் கண்டவற்றை வெளியிட மருத்துவ இதழ்கள் முன்வரவில்லை. நாற்பதைக் கடந்த வயதில் மருத்துவம் கற்றே அவர் செவிகொடுக்கச் செய்தார். நோயாளி தன் எண்ணைத் தானே அறிவது அறிவின் பகிர்வு மட்டுமன்று, அதிகாரத்தின் பகிர்வுமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்று கருவி எங்கும் கிடைக்கிறது. ஆயின் அது மலிவாகவும் பட்டி விலையுயர்ந்ததாகவும் விற்கப்படுகிறது. ஒரு நிறுவனத்தின் கருவி அந்நிறுவனத்தின் பட்டியையே ஏற்கும். அறிவு வீட்டுக்குள் வந்தது, ஆனால் பண்டமாகவே வந்தது.

5

எமது இல்லத்துக்குச் சற்றுக் கீழே தோட்டத்து லயங்கள் உள்ளன. பூனையின் காதைக் குத்தும் செய்தி அங்கு சிரிப்பாகப் பரவிற்று. ஒருநாள் மாலை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அயலவரான அக்கா ஒருவர் திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "பூனைக்கே பாக்கிறீங்க, நம்ம விரலையும் ஒருக்கா பாருங்களேன் தம்பி" என்றார். தாயாரின் கருவியையும் புதிய ஊசியையும் எடுத்தோம். காட்டிய எண் 284.

அவருக்குக் கால் விரல்கள் மரத்துப்போய் ஓராண்டாயிற்று. தேயிலை மலையின் குளிரென்று எண்ணியிருந்தார். வெறுவயிற்றுடன் வைத்தியசாலைக்குச் சென்று குருதி கொடுப்பதென்றால் அன்றைய பேர் இல்லை. முடிவைப் பெற மறுபடி செல்வதென்றால் இன்னொரு பேர் இல்லை. இலங்கையில் அரசினர் மருத்துவம் இலவசமானது; அது மக்கள் பெற்ற பெரும்பேறு. ஆயின் நாட்கூலியில் வாழ்பவர்க்கு இலவசம் என்பது செல்லும் நாளின் கூலியை இழப்பதாகும். 2005-2006 இல் நடந்த ஆய்வு, வளர்ந்தோருட் பத்தில் ஒருவர் அளவிற்கு நீரிழிவு உள்ளதென்றும், அவருள் மூன்றிலொரு பங்கினர்க்கு மேற்பட்டோர் அதனை அறியாதிருந்தனர் என்றும் காட்டிற்று. அக்கா அவ்வறியாதோருள் ஒருவர். அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். வீட்டுக் கருவியின் எண் நோய் நிர்ணயமாகாது. ஆய்வுகூடச் சோதனையே அதனை உறுதிப்படுத்திற்று. இப்போது மருந்து எடுக்கிறார். எமது பூனையின் எண்ணை நாம் நாளுக்கு இருமுறை அறிவோம்; அவரது எண்ணை அவர் மாதத்துக்கு ஒருமுறை அறிகிறார். இந்த வேறுபாட்டை எழுதாது விடுவது நேர்மையாகாது.

தோட்டத்திற் பிறந்தவர் அளவைக்கு அந்நியரல்லர். கொழுந்துக் கூடை நாள்தோறும் நிறுக்கப்படுகிறது. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படுகிறது. எஞ்சுவதைக் கொண்டு முழுப்பேரா அரைப்பேரா என்பது முடிவாகிறது. தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. 1992 இல் தனியார் நிருவாகத்துக்கு மீண்டன. தராசு எவர் கையில் என்பது மட்டும் மாறவில்லை. அத்தகைய வாழ்வில், தன்னைப் பற்றிய ஓர் எண்ணைத் தானே பெற்று, தன் நலனுக்காகவே குறித்துவைக்கும் அனுபவம் புதியது. அக்கா தம் பேரனின் பழைய பாடசாலைக் கொப்பியொன்றில் எண்களை எழுதுவிக்கிறார். மாவும் சீனியும் பற்றி மருத்துவர் கூறியதையும் அதிலேயே எழுதச் செய்துள்ளார். எண் உயர்ந்த மாதத்தில், காரணத்தை அவரே தேடுகிறார்.

ஆகவே இதிலிருந்து எழும் கோரிக்கை எளியது. லயத்துக்கு ஒரு கருவியும் தடையின்றிப் பட்டியும் ஊசியும் தோட்ட மருந்தகத்தின் வழியே பொதுச்செலவில் வழங்கப்படல் வேண்டும்; அளக்கும் முறையைத் தொழிலாளருட் சிலர்க்கேனும் கற்பித்தல் வேண்டும்; வேலை நேரத்தில் அதற்கு இடமளித்தல் வேண்டும். பூனையின் காதிற் குத்தக் கற்பதற்கு எமக்கு ஒரு வாரம் பிடித்தது. மனித விரலிற் குத்தக் கற்க ஒரு மாலை போதும். அது கடினமானது என்ற சாட்டு இனி எவருக்கும் இல்லை.