ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பென்சீன் வளையம்

காற்றில்லாச் சுவாசத்தை நடத்தும்போது ஈஸ்ட், தயிர், இட்லி மாவு ஆகியவற்றோடு நாம் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். இவை நொதித்தல் வகை. உணவு முழுவதும் சிதையாமல் ஆல்கஹாலாகவோ லாக்டிக் அமிலமாகவோ நின்றுவிடுகிறது. இதனால் ‘ஆக்சிஜன் இல்லையென்றால் அரைகுறை வேலைதான்’ என்று மாணவர்கள் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். என் வகுப்பில் இதற்கு மறுப்பாக நான் சொல்வது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெமிட்ஜி என்ற ஊருக்கு அருகே நடந்ததை.

1979 ஆகஸ்டில் அங்கே ஒரு குழாய் வெடித்து ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. பெரும்பகுதியை அகற்றினார்கள். மண்ணுக்குள் இறங்கிய மீதி, நிலத்தடி நீர்மட்டத்தில் தங்கிவிட்டது. அதிலிருந்து பென்சீன், டொலுயீன் போன்ற அரோமேட்டிக் சேர்மங்கள் நீரில் கரைந்தன. பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. எண்ணெயைச் சிதைத்த பாக்டீரியாக்கள் நீரிலிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன. ஆனாலும் சிதைவு நிற்கவில்லை!

காரணம், மண்துகள்கள் மேல் துருப்போலப் படிந்திருந்த ஃபெர்ரிக் இரும்பு. நம் செல்களில் எலக்ட்ரான்களைக் கடைசியாக ஏற்பது ஆக்சிஜன். ஜியோபாக்டர் வகை பாக்டீரியாக்கள் அவற்றை ஃபெர்ரிக் இரும்பிடம் கொடுக்க, அது ஃபெரஸ் இரும்பாகிறது. இவ்வழியில் டொலுயீன் முழுவதும் கார்பன் டைஆக்சைடு ஆவதை டெரெக் லவ்லியின் குழு 1989இல் வெளியிட்டது. அரைகுறை வேலை இல்லை.

சரி, வளையம் எப்படி உடைகிறது? ஆறு கார்பன்களும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்வதால் அது மிகவும் நிலையானது. காற்றில் வாழும் பாக்டீரியா ஆக்சிஜன் அணுக்களை நேரடியாக வளையத்தில் பொருத்தி அதைப் பலவீனமாக்கும். காற்றில்லா பாக்டீரியாவுக்கு அந்தக் கருவி கிடையாது. எனவே அது டொலுயீனின் மெத்தில் தொகுதியைப் பிடிக்கிறது. ஒரு நொதி அதில் ஃபியூமரேட்டை இணைக்கிறது. சில படிகள் கழித்து பென்சாயில் கோஎன்சைம் ஏ உருவாகிறது. இப்போது வளையத்துக்குள் எலக்ட்ரான்கள் திணிக்கப்படுகின்றன. அந்தப் பகிர்வு குலைகிறது, நீர் மூலக்கூறு சேர்கிறது, வளையம் திறக்கிறது.

பென்சீனில் பிடிப்பதற்கு மெத்தில் ‘வால்’ இல்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அது டொலுயீனைவிடப் பிடிவாதமாக நிற்பதற்கு இது ஒரு காரணம். கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால் மாணவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

‘அப்படியானால் எண்ணெய் கொட்டினாலும் பாக்டீரியா பார்த்துக்கொள்ளுமே, சார்?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். ஃபெர்ரிக் இரும்பும் தீர்ந்துபோகும். அதன்பின் மீத்தேன் உண்டாகும் வழியில் சிதைவு மெதுவாகத் தொடரும். பெமிட்ஜியில் 40 ஆண்டுகள் கடந்த பின்னும் மண்ணுக்கடியில் எண்ணெய் இருக்கிறது.