சொந்த பரிசலில் மீன் பிடிக்க ஆசையா? அடிப்பாகத்தை கவனிங்க!

ஒகேனக்கல்,

தர்மபுரி மாவட்டம் ஒகேனக்கல்லுக்கு வரும் சுற்றுலா பயணிகள் பலருக்கு பரிசலை விட்டு இறங்கும்போது ஒரு ஆசை வந்து விடுகிறது. "இந்த மாதிரி ஒண்ணு வாங்கி நம்ம ஊர் ஏரியில விட்டா ஞாயித்துக்கிழமை ஜாலியா தூண்டில் போடலாமே" என்பதுதான் அது. பார்த்தால் பெரிய கூடை மாதிரி இருக்கிறது. என்ஜின் இல்லை, டீசல் செலவு இல்லை. ஒரே ஒரு துடுப்பு. தலையில் கவிழ்த்து ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போய் விடலாம். ஆசை வருவதில் தப்பு இல்லை.

ஆனால் வாங்கின புதிதில் பந்தாவாக ஓட்டி விட்டு, அப்படியே கரையில் போட்டு விட்டு போனால் அது சீக்கிரமே அடுப்புக்கு விறகாகி விடும். அதை விட மோசம், ஓட்டை இருப்பது தெரியாமல் நடு தண்ணிக்கு போய் மாட்டிக்கொள்வது. பரிசலுக்கு தண்ணீர் எதிரி இல்லை. பாறை, மணல், ஈரம், வெயில் இந்த நாலும்தான் எதிரி. நாலுக்கும் முதலில் பலியாவது அடிப்பாகம்தான்.

கூடையும் தோலும்

பரிசல் என்பது இரண்டே சமாசாரம். உள்ளே மூங்கில் கூடை, வெளியே தண்ணீர் புகாத போர்வை. மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, தப்பைகளை தரையில் குறுக்கும் நெடுக்குமாக பரப்பி பின்னுகிறார்கள். நடுவில் கல்லை ஏற்றி வைத்து அடிப்பாகத்தை படிய விட்டு, ஓரத்தை மேலே வளைத்து, விளிம்பை வளையமாக கட்டி முடிக்கிறார்கள். கை தேர்ந்தவர்கள் ஒரு நாளில் கூடையை முடித்து விடுவார்கள். ஒகேனக்கல்லில் ஓடும் பரிசல் சுமார் 7 அடி அகலம் இருக்கும்.

போர்வைக்கு அந்த காலத்தில் மாட்டுத்தோல். தோல் ஊறினால் அழுகும் என்பதால் தினமும் கரையேற்றி காய வைத்தே தீர வேண்டும். இப்போது பிளாஸ்டிக் சாக்கு அல்லது தார்ப்பாய் விரிப்பை இழுத்து கட்டி, மேலே தார் பூசுகிறார்கள். கண்ணாடி இழை பரிசலும் வந்து விட்டது. அதற்கு தார் வேலை மிச்சம். ஆனால் பாறையில் மோதி கீறல் விட்டால் சாக்கும் தாரும் வைத்து கரையிலேயே ஒட்டு போட முடியாது, அதற்கென்று பிசின் வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, இது சாதாரண பழமை இல்லை. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோடஸ், பாபிலோனுக்கு வந்த வட்ட வடிவ தோல் படகுகளை பற்றி எழுதி வைத்திருக்கிறார். சரக்கோடு ஒரு கழுதையையும் ஏற்றிக்கொண்டு ஆற்றோடு வருவார்களாம். ஊர் வந்ததும் சரக்கை விற்று, படகின் கூட்டையும் விற்று விட்டு, தோலை மட்டும் கழுதை மேல் போட்டு நடந்தே திரும்பி விடுவார்களாம். காரணம், எதிர் நீரோட்டத்தில் அந்த படகை செலுத்த முடியாது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டிகள் பாறைகளுக்கு நடுவே பரிசலை தலையில் தூக்கிக்கொண்டு நடப்பதை பார்த்தவர்களுக்கு இது புரியும். இங்கே கழுதைக்கு பதில் மனுஷன் தலை, அவ்வளவுதான்.

வாங்கும்போது ஏமாறாதீங்க

பழைய பரிசல் மலிவாக கிடைக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது தாரை அல்ல, மூங்கிலை. புதுசாக தார் அடித்து பளபளவென்று நிற்கும் பரிசலுக்கு உள்ளே மூங்கில் உளுத்து போய் இருக்கலாம். தப்பையில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள், கீழே மாவு மாதிரி தூள் இருந்தால் வண்டு விழுந்து விட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை சும்மா கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

அடுத்து, கையால் அழுத்தி பார்க்க வேண்டும். நல்ல தப்பை வளைந்து கொடுத்து திரும்ப நிமிரும். பழுதானது "நெறுக்" என்று சத்தம் போடும். விளிம்பு வளையத்தை இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கி பார்த்தால் கட்டு தளர்ந்திருக்கிறதா என்பது தெரிந்து விடும். விளிம்பு தளர்ந்தால் பரிசல் வட்டத்தை விட்டு முட்டை மாதிரி நெளியும். நெளிந்த பரிசல் ஒரு பக்கமாக சாயும்.

கடைசியாக பரிசலை தலைக்கு மேல் தூக்கி வெயிலை நோக்கி பிடித்து, உள்ளே இருந்து பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சம் புள்ளி புள்ளியாக தெரிந்தால் அங்கெல்லாம் தண்ணீர் வரும். சந்தேகம் இருந்தால் முழங்கால் ஆழ தண்ணீரில் விட்டு, உள்ளே கல்லை ஏற்றி அரை மணி நேரம் வைத்தால் போதும். விற்கிறவர் இதற்கு சம்மதிக்கவில்லை என்றால் அந்த பரிசல் வேண்டாம்.

புதிதாக கட்ட சொல்பவர்கள் முற்றிய மூங்கிலாக கேட்டு வாங்க வேண்டும். இளம் மூங்கிலில் மாவுச்சத்து அதிகம், வண்டுக்கு அது விருந்து. வெட்டிய மூங்கிலை சில வாரம் தண்ணீரில் ஊற போட்டு பிறகு நிழலில் காய வைத்தால் அந்த சத்து கரைந்து வண்டு தொல்லை குறையும். தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதும் வண்டுக்கு பயந்துதான்.

இழுத்தால் போச்சு!

புதிதாக வாங்கியவர்கள் செய்யும் முதல் தப்பு, பரிசலை கரையில் தரதரவென்று இழுப்பது. ஒரு நாள் முழுக்க தண்ணீரில் ஓடினால் ஆகாத தேய்மானம், பத்தடி தூரம் பாறையில் இழுத்தால் ஆகி விடும். இரண்டு பேர் விளிம்பை பிடித்து தூக்க வேண்டும். இல்லை என்றால் தலையில் கவிழ்க்க வேண்டும். காற்று அடிக்கும்போது தலையில் வைத்தால் ஆளையே தள்ளி விடும், அது வேறு விஷயம்.

இரண்டாவது எதிரி மணல். காலில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும் மணல், மூங்கிலுக்கும் சாக்குக்கும் நடுவே போய் உட்கார்ந்து விடும். ஆள் அசைய அசைய அது உப்புத்தாள் மாதிரி தேய்த்து தேய்த்து உள்ளே இருந்தே ஓட்டை போடும். வெளியே தார் அப்படியே இருக்கும், உள்ளே சாக்கு மெலிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் கரையேறியதும் குடத்தால் தண்ணீர் ஊற்றி கழுவி, கவிழ்த்து தட்டி மணலை வெளியே கொட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை. பலர் இதை செய்வதே இல்லை.

கழுவிய பிறகு கவிழ்த்து வைத்து காய விட வேண்டும். ஆனால் மண்ணில் நேராக வைக்கக்கூடாது. நாலு கல்லோ, செங்கல்லோ வைத்து அதன் மேல் விளிம்பு உட்காருகிற மாதிரி கவிழ்த்தால் அடியில் காற்று போகும். மண்ணில் வைத்தால் கரையான் ஏறி விடும். காய்ந்ததும் நிழலுக்கு மாற்ற வேண்டும். கோடை வெயிலில் தொடர்ந்து கிடந்தால் தார் இளகி வழியும், பிளாஸ்டிக் சாக்கு முறுமுறுவென்று ஆகி கையோடு வரும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் தாரோடு தார் ஒட்டிக்கொள்ளும்.

தார் அடிக்கும் நாள்

ஒகேனக்கல்லில் நீர்வரத்து அதிகரித்தால் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்க தடை விதித்து விடும். 2018, 2019, 2022, 2024 ஆண்டுகளில் நீர்வரத்து வினாடிக்கு 1 லட்சம் கனஅடியை தாண்டியது. ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்கு மேல். அப்படியானால் ஒரு வினாடியில் 28 லட்சம் லிட்டர்! அந்த மாதிரி நாட்களில் சின்னாறு, கோத்திக்கல், ஊட்டமலை பரிசல் துறைகளில் பரிசல் ஆற்றில் இறங்காது. கையில் காசும் இருக்காது. சவாரியை நம்பி பிழைப்பவர்களுக்கு அது கஷ்ட காலம்தான். ஆனால் பரிசலுக்கு ஒட்டு போட, தார் பூச அதை விட்டால் வேறு நாள் ஏது? மழை இல்லாத நாள் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொழுதுபோக்குக்கு வைத்திருப்பவர்கள் வெயில் நாளில் செய்யலாம். முதலில் பரிசல் நன்றாக காய்ந்திருக்க வேண்டும். ஈர சாக்கில் தார் ஒட்டாது, ஒட்டினாலும் உரிந்து வரும். ஓட்டை இருந்தால் அதை விட நாலு பக்கமும் ஒரு சாண் பெரிதாக சாக்கு துண்டு வெட்டி, அடியில் தார், மேலே தார் என்று வெளிப்பக்கம் ஒட்ட வேண்டும். தாரை ரொம்ப கொதிக்க விட்டு அப்படியே ஊற்றினால் பிளாஸ்டிக் சாக்கு சுருங்கி பெரிய ஓட்டையாகி விடும். இளகி ஓடுகிற பதத்தில் இறக்கி, மெல்லிசாக இரண்டு தடவை பூசுவது நல்லது. தடிமனாக ஒரே தடவை பூசினால் வெடிப்பு விடும்.

தார் காய்ச்சும் இடத்தில் குழந்தைகளை விடக்கூடாது. கொதிக்கும் தாரில் ஒரு சொட்டு தண்ணீர் விழுந்தாலும் பொங்கி தெறிக்கும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தகரத்தால் மூடி மண்ணை போட வேண்டும். மேலே தெறித்து விட்டால் பிய்த்து எடுக்காமல், குளிர்ந்த தண்ணீரை நிறைய ஊற்றி ஆஸ்பத்திரிக்கு போய் விட வேண்டும்.

தூண்டில் முள் ஜாக்கிரதை

பரிசலில் மீன் பிடிப்பது கரையில் உட்கார்ந்து பிடிப்பது மாதிரி இல்லை. அதற்கு முன் பக்கம், பின் பக்கம் என்பதே கிடையாது. துடுப்பை ஒரு பக்கமே போட்டால் தட்டாமாலை சுற்றும். போக வேண்டிய திசைக்கு முகத்தை வைத்து உட்கார்ந்து, துடுப்பை முன்னால் வலதும் இடதுமாக மாற்றி தண்ணீரை தன் பக்கம் இழுக்க வேண்டும். இதை ஓடாத தண்ணீரில், இடுப்பளவு ஆழத்தில் பழகாமல் ஆற்றில் இறங்குவது ஆபத்து.

எழுந்து நின்று வீச்சு வலை வீசுவது கைப்பழக்கம் உள்ள மீனவர்களுக்கே கஷ்டம். பழகாதவர்கள் உட்கார்ந்தபடி தூண்டில் போடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பெரிய கட்லாவோ, வாளையோ மாட்டினால் எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப்பார்ப்பார்கள். கவிழ்வதற்கு அது போதும். ஒருவர் மீனை இழுத்தால் மற்றவர் எதிர் பக்கம் சாய வேண்டும்.

உள்ளே கழற்றி போட்ட தூண்டில் முள் மேல் கால் பட்டால் காலும் போச்சு, சாக்கும் போச்சு. முள்ளை தக்கையில் குத்தியோ, டப்பாவில் போட்டோ வைக்க வேண்டும். கெளுத்தி மீனின் முள்ளும் லேசுப்பட்டது இல்லை. பழைய சணல் சாக்கு ஒன்றை தரையில் மடித்து போட்டு அதன் மேல் உட்கார்ந்தால் இதெல்லாம் பாதி குறையும்.

நங்கூரத்துக்கு கல்லை கட்டுவதும் ஓடாத தண்ணீரில் மட்டும்தான். ஓடுகிற தண்ணீரில் கட்டினால் கயிறு இழுக்கும் பக்கம் விளிம்பு அமிழ்ந்து தண்ணீர் உள்ளே வந்து விடும். தண்ணீர் இறைக்க ஒரு டப்பாவையும், ஒரு துடுப்பு உபரியாகவும் எப்போதும் உள்ளே கட்டி வைக்க வேண்டும்.

லைப் ஜாக்கெட் இல்லாமல் ஏறக்கூடாது

2015-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து 6 பேர் பலியானார்கள். இங்கே சவாரிக்கு ஒரு பரிசலில் 4 பயணிகள், ஓட்டி ஒருவர் என்பதுதான் கணக்கு. காவிரியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஓட்டும் 7 அடி பரிசலுக்கே இந்த கணக்கு என்றால், புதிதாக துடுப்பு பிடிப்பவர் சின்ன பரிசலில் இன்னொருவரை ஏற்றுவதே அதிகம். லைப் ஜாக்கெட்டை முதுகுக்கு சாய்மானமாக போட்டுக்கொண்டு உட்காருவதில் பயனில்லை. பட்டையை மாட்டி இறுக்கி இருக்க வேண்டும். சரக்கு போட்டு விட்டு துடுப்பு பிடிக்கவே கூடாது.

ஒருவேளை கவிழ்ந்து விட்டால் பரிசலை விட்டு விட்டு கரைக்கு நீந்த முயற்சிக்கக்கூடாது. கவிழ்ந்தாலும் மூங்கில் மிதக்கும். அதை பிடித்துக்கொண்டு சத்தம் போட வேண்டும். ஓடும் தண்ணீரில் பரிசல் கையை விட்டு போனால் மல்லாந்து, காலை முன்னால் நீட்டியபடி போனால் தலை பாறையில் மோதாமல் தப்பிக்கலாம்.

காவிரியில் இன்னொரு விஷயம். இங்கே சுள்ளென்று வெயில் அடிக்கும், ஆனால் கர்நாடகாவில் மழை கொட்டி கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளில் தண்ணீர் திறந்திருப்பார்கள். தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. அந்த கணக்கு தினமும் செய்தியில் வரும். அதை பார்க்காமல் ஆற்றில் இறங்கக்கூடாது.

அனுமதி வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ஏரி, குளங்களில் மீன்பாசி குத்தகை ஏலம் போயிருக்கும். குத்தகைதாரரை கேட்காமல் தூண்டில் போட்டால் திருட்டு என்று புகார் போகும். மேட்டூர் அணை போன்ற நீர்த்தேக்கங்களில் மீன்வளத்துறையின் உரிமம் உள்ள மீனவர்கள்தான் வலை போட முடியும். பரிசல் சொந்தமாக இருக்கிறது என்பதற்காக ஒகேனக்கல்லில் சவாரி விட முடியாது, அதற்கு தனி உரிமம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட காடுகளில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ம் ஆண்டு நவம்பரில் தமிழக அரசு காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமாக அறிவித்தது. ஆற்றங்கரை காட்டுக்குள் பரிசலோடு நுழைவதற்கு முன்பு வனத்துறையிடம் கேட்டு விட வேண்டும். தோட்டா போட்டோ, விஷம் கலந்தோ மீன் பிடிப்பது 1897-ம் ஆண்டு இந்திய மீன்வள சட்டத்திலேயே குற்றம்.

காவிரியில் மட்டுமே வாழும் திமில் மஹசீர் என்ற ராட்சத கெண்டை அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018-ல் சர்வதேச சிவப்பு பட்டியலில் சேர்க்கப்பட்டது. முதுகு திமில் மாதிரி உயர்ந்து, துடுப்புகளில் ஆரஞ்சு நிறத்தோடு இருக்கும். தப்பித்தவறி தூண்டிலில் அப்படி ஒன்று மாட்டினால் தண்ணீருக்குள் வைத்தபடியே முள்ளை கழற்றி, அது நிதானத்துக்கு வரும் வரை கையில் தாங்கி பிடித்திருந்து ஆற்றிலேயே விட்டு விட வேண்டும்.