ஃபார்மேட் போடும் முன்... பழைய லேப்டாப்பில் மறைந்திருக்கும் செட்டிங்ஸ்

 

நம் காடாம்புலியூர் பகுதியில் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி பீரோ மேல் கிடக்கிறது. "ரொம்ப ஸ்லோ", "எழுத்து பொடிசாகத் தெரிகிறது" என்று ஒதுக்கிவிடுகிறோம். அல்லது கடையில் ஃபார்மேட் போடச் சொல்கிறோம். ஃபார்மேட் போட்டால் அதிலுள்ள சான்றிதழ் நகல்கள், புகைப்படங்கள், பாடக் குறிப்புகள் எல்லாம் அழிந்துவிடலாம். அதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இத்திட்டத்தில் எல்காட் மூலம் வந்த கணினிகள் பலவற்றில் 'பாஸ்' லினக்ஸ் இருக்கிறது. இது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. இதன் திரை அமைப்புக்கு 'க்னோம்' என்று பெயர். வழக்கமான செட்டிங்ஸ் பக்கத்தில் தெரிவது கொஞ்சம்தான். மீதியை 'டிகான்ஃப் எடிட்டர்' என்ற மென்பொருளில் பார்க்கலாம். அது இல்லையென்றால் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம்.

அதில் ஆர்க், க்னோம், டெஸ்க்டாப், இன்டர்ஃபேஸ் என்று வரிசையாகத் திறக்கவும். 'எனேபிள் அனிமேஷன்ஸ்' என்பதை அணைத்தால் திரை அசைவுகள் நின்று, கணினியின் சுமை குறையும். 'டெக்ஸ்ட் ஸ்கேலிங் ஃபேக்டர்' 1 என்றிருப்பதை 1.25 ஆக்கினால் எழுத்துகள் கால் பங்கு பெரிதாகும். வயதானவர்களுக்கு இது பெரிய உதவி.

விண்டோஸ் பயன்படுத்துபவர்கள் தேடல் பெட்டியில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று தட்டி, 'அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்வு செய்யலாம். பிறகு எழுத்து சொரசொரப்பாகத் தெரிந்தால், 'ஸ்மூத் எட்ஜஸ்' என்று தொடங்கும் வரிக்கு மட்டும் மீண்டும் டிக் போடவும். 'ரெஜிஸ்ட்ரி' பக்கம் மட்டும், விவரம் தெரிந்தவர் துணையின்றிப் போக வேண்டாம்.

மூன்று எச்சரிக்கைகள்: மாற்றும் முன் பழைய மதிப்பைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவையுங்கள். டிகான்ஃப் மாற்றங்கள் அந்தந்தப் பயனர் கணக்குக்கு மட்டுமே உரியவை. எனவே புதிதாக ஒரு கணக்கு தொடங்கி, முதலில் அதில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

பழுதான பாகத்தை எந்தச் செட்டிங்ஸும் சரிசெய்யாது. ஆனால் உதவித்தொகை விண்ணப்பம் போடவும், பிள்ளை பாடம் படிக்கவும் உதவும் ஒரு பொருளை வீணாக்காமல் இருப்பது நம் கடமை. கையிலிருப்பதை முதலில் பயன்படுத்துவோம், இன்ஷா அல்லாஹ்.