தானே எழும் சேவையகம்

லினக்ஸ் கணினியில் கட்டளை கொடுத்துக் கையால் தொடங்கப்பட்ட சேவையகம், கணினி ஒருமுறை அணைந்து எழுந்தால் கூடவே எழுவதில்லை. கையால் தொடங்குபவர் தம் பயனர் உரிமையையும், தம் கணக்கில் அமைந்த சூழல் மாறிகளையும், தொடங்குவதற்கு உரிய வேளை பற்றிய அறிவையும் தம்மையறியாமலே அதற்கு வழங்கிவிடுகிறார். ஆள் இல்லாதபோது இவற்றையெல்லாம் முன்கூட்டி எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

இயங்குதளத்தின் கருவான கர்னல் நினைவகத்தில் ஏறியதும் முதலில் தொடங்கும் நிரல் 1 என்ற அடையாள எண்ணைப் பெறுகிறது; மற்றச் சேவைகளை எழுப்புவது அதன் வேலை. பழைய சிஸ்டம் ஃபைவ் முறையில் இந்நிரல், பெயரிலேயே வரிசை எண் தாங்கிய சிறு ஆணைத்தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டியதால், ஒன்று தாமதித்தால் பின்னால் நின்றவை யாவும் காத்துக் கிடந்தன. லென்னார்ட் பாட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் 2010இல் அறிமுகப்படுத்திய சிஸ்டம்டி, இயன்றவரை சேவைகளை ஒரே நேரத்தில் எழுப்பியது. 2011இல் ஃபெடோரா 15 என்ற லினக்ஸ் வழங்கல் அதை ஏற்றது. மற்றொரு வழங்கலான டெபியனிலோ விவாதம் கடுமையாகி, 2014இல் தொழில்நுட்பக் குழுவின் வாக்குகள் சமமாகப் பிரிந்து, தலைவரின் தீர்மான வாக்கினால்தான் முடிவு கிட்டியது.

சிஸ்டம்டியில் ஒவ்வொரு சேவைக்கும் ஓர் அலகுக் கோப்பு உண்டு. எந்தப் பயனரின் பெயரில், எவற்றுக்குப் பின், எக்கட்டளையால் தொடங்குவது என்பதை அது சில வரிகளில் அறிவிக்கிறது. ஜாவா வலைச் செயலிகளை நடத்தும் அபாச்சி டாம்கேட்டுக்கு இதை எழுதுகையில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. டாம்கேட்டுடன் வரும் வழக்கமான தொடக்க ஆணைத்தொடர், சேவையகத்தைப் பின்னணியில் ஓடவிட்டுத் தான் முடிந்துவிடுகிறது. சேவையின் வகை குறிப்பிடப்படாவிடில், முடிந்துபோன அதையே முதன்மை நிரலாகக் கருதும் சிஸ்டம்டி, சேவை நின்றுவிட்டது என்று முடிவுகட்டி, பின்னணியில் நலமாக எழுந்துகொண்டிருக்கும் டாம்கேட்டையும் மிச்சமென்று துடைத்துவிடுகிறது. பிழைச்செய்தி பெரும்பாலும் இராது என்பதால் காரணம் தேடுபவர் திண்டாடுவார். டாம்கேட்டை முன்னணியிலேயே ஓடவிடுவதோ, பின்னணிக்குச் செல்லும் வகை இது என்று கோப்பில் அறிவிப்பதோ இதைத் தீர்க்கும்.

ஜாவா இருக்கும் இடத்தைக் காட்டும் சூழல் மாறி பயனரின் உள்நுழைவுக் கோப்பில் மட்டும் இருந்தால் சிஸ்டம்டி அதைப் படிப்பதில்லை. ஆகவே அலகுக் கோப்பிலேயே குறிக்க வேண்டும். டாம்கேட் இயல்பாகப் பயன்படுத்தும் 8080ஆம் துறைக்கு நிர்வாகியின் முழு உரிமை தேவையில்லை என்பதால், குறைந்த உரிமையுள்ள தனிப் பயனரின் பெயரில் அதை ஓட்டுவதே முறை.

விழுந்த சேவையை மீண்டும் எழுப்பவும் சிஸ்டம்டியைப் பணிக்கலாம். எனினும் இயல்பான அமைப்பில் 10 நொடிகளுக்குள் 5 முறை தொடங்கியும் நிலைக்காத சேவையை அது கைவிட்டுவிடும். விழுந்ததற்கும் மீண்டும் எழுப்புவதற்கும் இடையிலான இயல்பான இடைவெளியோ வெறும் 100 மில்லிநொடி என்பதால், தரவுதளம் எழும்வரை காத்திருக்க வேண்டிய செயலிகளுக்கு அதைச் சில நொடிகளாக நீட்டுவது வழக்கம்.

கோப்பை எழுதிச் சேவையைத் தொடங்குவது வேறு, அடுத்த தொடக்கத்திலும் அது எழ வேண்டுமெனப் பதிவது வேறு. பின்னது, தொடக்க இலக்குக்குரிய கோப்புறையில் அலகுக் கோப்பைச் சுட்டும் இணைப்பு ஒன்றை வைப்பது மட்டுமே. அது விடுபட்டால், சேவையகம் மாதக்கணக்கில் குறையின்றி ஓடி, அடுத்த மறுதொடக்கத்தில்தான் விடுபட்டதைக் காட்டும்.