பை நிறைகிறது, சிறுநீர் குறைகிறது

மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்த பலரை, குடலில் போட்ட தையல் ஆறும்வரை வயிற்றில் பை மாட்டித்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி அந்தப் பைக்குள் திறந்திருக்கும். பை அவசியம்தான், தையல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. வயதும் சர்க்கரையும் சிறுநீரகத்தை முன்பே தேய்த்திருக்கும் என்று மருத்துவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் நன்றாக இருந்த சிறுநீரகம், வீடு திரும்பிய சில வாரங்களில் ஏன் கெடுகிறது?

பெருங்குடல் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரையும் அதோடு உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பித் தரும். பை மாட்டியவருக்கு அந்த வேலை நடப்பதில்லை. தொடக்கத்தில் பையில் தினமும் ஒரு லிட்டருக்கு மேல்கூடப் போகும். பிறகு 500 முதல் 800 மில்லிக்குள் அடங்க வேண்டும். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அபாயம். வெளியேறும் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 6 கிராம் சாப்பாட்டு உப்பில் இருக்கும் அளவுக்குச் சோடியம் போய்விடுகிறது.

இங்கேதான் எனக்குப் பெரிய கவலை. “நாக்கு வறளுதாப்பா? தண்ணி நிறையக் குடிங்க” என்று பிள்ளைகள் சொம்பை நீட்டுகிறார்கள். பாசம்தான். ஆனால் உப்பில்லாத தண்ணீரும் டீயும் உள்ளே போனால், சிறுகுடல் ரத்தத்திலிருந்து சோடியத்தைத் தன்பக்கம் இழுக்கும். பை இன்னும் வேகமாக நிறையும். குடிக்கக் குடிக்க உடம்பு வற்றும். இளநீரும் உதவாது. அதில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். தளர்ந்த சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாமல் போனால் இதயத் துடிப்பே தடுமாறும். ஓ.ஆர்.எஸ். கரைசலும் உப்புப் போட்ட கஞ்சியும்தான் இவர்களுக்குத் தேவை. எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்டே ஆக வேண்டும். பையில் போவதையும் சிறுநீரையும் தினமும் அளந்து எழுதுங்கள். மெடிக்கலில் நாமாக வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை, உடம்பு வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைத்துவிடும்.

லேப் ரிப்போர்ட்டை மட்டும் நம்பவும் முடியாது. கிரியாட்டினின் 0.8-லிருந்து இரண்டே நாளில் 1.2 ஆனால் அது சிறுநீரகப் பாதிப்பு. ஆனால் பல ரிப்போர்ட்டுகளில் 1.2 நார்மல் என்றே அச்சாகும். பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சிலருக்கு அறுவைக்குப் பிறகு கேப்சிடபின் என்ற புற்றுநோய் மாத்திரை கொடுப்பார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைப் பார்த்துத்தான் அதன் அளவை முடிவு செய்கிறார்கள். நிமிடத்துக்கு 30 மில்லிக்குக் கீழே போனவருக்கு அந்த மாத்திரையே கூடாது.