நியூயார்க் விலையும் கரிசல் பருத்தியும்

கோவில்பட்டி வட்டாரத்தில் ஐப்பசி மழைக்கு விதைத்த மானாவாரிப் பருத்தி மாசி, பங்குனியில் வெடிக்கும். அப்போது வியாபாரி சொல்லும் விலை உள்ளூரில் மட்டும் உருவாவதில்லை. நியூயார்க்கில் அன்றாடம் நடக்கும் முன்பேர வணிகமும், டாலரின் மதிப்பும், டில்லி உத்தரவும் அதில் கலந்துள்ளன.

2010ல் பாகிஸ்தானில் பெருவெள்ளம். சீனாவில் இருப்புக் குறைவு. 2011 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரு பவுண்டு பஞ்சு 2 டாலரைத் தாண்டியது. அந்த விலையை நம்பி அவ்வாண்டு நாடெங்கும் 1.2 கோடி எக்டேரில் பருத்தி விதைத்தார்கள். மறு மார்ச்சில் அங்கே விலை ஒரு டாலருக்கும் கீழே. போதாக்குறைக்கு 2012 மார்ச் 5ம் தேதி பஞ்சு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. சில நாட்களில் தளர்த்தினார்கள் என்றாலும், கரிசலில் காய் வெடிக்கும் நேரம் அது! 2025 ஆகஸ்டிலோ 11 சதவீத இறக்குமதி வரி நீக்கப்பட்டு, ஆண்டு முடிய அச்சலுகை நீடித்தது.

போன ஆண்டு விலையைப் பார்த்து முழு நிலத்திலும் பருத்தி விதைப்பது சூதாட்டமே. ஊடே உளுந்து விதைத்தால் தை மாதமே கையில் காசு புரளும்; முதல் எடுப்பை அவசரமாக விற்க நேராது.

செய்தித்தாளில் வரும் கண்டி விலை 356 கிலோ பஞ்சுக்கு உரியது. அதற்குச் சுமார் 10½ குவிண்டால் விதைப்பருத்தி வேண்டும். கண்டி விலையை 10½ ஆல் வகுத்தால் குவிண்டாலின் உத்தேச மதிப்பு தெரியும். பருத்திக்கொட்டை விலை கூடும்; அரவைக் கூலி கழியும். ஈரமும் சருகும் கலந்த பருத்திக்கு இக்கணக்கு பொருந்தாது. பனி உலர்ந்த பின் எடுத்து, கொட்டுப் பருத்தியைப் பிரித்து வைத்து, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் விலை விசாரித்த பிறகே வியாபாரியைத் தராசு தூக்க விடலாம்.